ஆறு நோன்பும் ஒரு குப்பி மருந்தும்

ஊசி போடுகிற வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். எப்படிப் போடுவது என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். அதை நான் எழுதப் போவதில்லை. நான் எட்டாவது வரை படித்தவன். அம்மை குத்துகிறவனாக வேலைக்குச் சேர்ந்தேன். அம்மை ஒழிந்த பிறகு மற்ற ஊசிகளுக்கு மாற்றினார்கள். தருமபுரி மாவட்டத்துக்குள்ளேயே சுற்றி, இங்கேயே ஓய்வு பெற்றேன். எத்தனை கைகளைப் பிடித்திருப்பேன் என்று தெரியாது. அதில் ஒன்பது பேருடைய கை மட்டும் மறக்கவில்லை. அந்த ஒன்பதைப் பற்றி எழுதுகிறேன்.

எண்பதுகளின் கடைசியில் நடந்தது. அதற்கு முந்தின வருஷம் ஹஜ்ஜுக்குப் போனவர்கள் நடுவே மூளைக்காய்ச்சல் பரவிவிட்டது. அங்கேயே சிலர் செத்தார்கள். சில நாடுகளில், திரும்பி வந்தவர்கள் மூலமாக வீட்டில் இருந்தவர்களுக்கும் வந்தது. அதனால் அடுத்த வருஷத்திலிருந்து, இந்த ஊசி போட்ட அத்தாட்சி இல்லாமல் யாரும் வரக் கூடாது என்று அந்த நாட்டில் சொல்லிவிட்டார்கள். பம்பாயில் கப்பல் ஏறுவதற்குப் பத்து நாள் முன்பே போட்டிருக்க வேண்டும் என்று எங்களுக்கு வந்த தாளில் இருந்தது. மருந்து உடம்பில் வேலை செய்ய அவ்வளவு நாள் ஆகும்.

எங்கள் டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டார். பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து ஒன்பது பேர் போகிறார்கள், எல்லாரும் வயசானவர்கள், தருமபுரிக்கு அலைக்க வேண்டாம், நீங்களே போய்ப் போட்டுவிட்டு வாருங்கள் என்றார். மருந்து ஒரே ஒரு குப்பி. பத்துப் பேருக்குக் காணும். வேறு குப்பி மாவட்டத்தில் இல்லை. ஊசி போட்டதற்கு அத்தாட்சியான ஒன்பது மஞ்சள் புத்தகத்திலும் கையெழுத்துப் போட்டு, முத்திரையையும் என் பையிலேயே வைத்துக் கொடுத்தார். ஊசி போட்ட பிறகு பெயரும் தேதியும் எழுதி நான் முத்திரை குத்த வேண்டியது. அப்படி ஒரு நம்பிக்கை.

"எப்ப போறீங்க?" என்று கேட்டார்.

"ரம்ஜான் முடியட்டுங்கம்மா. நோம்புல ஊசின்னா யோசிப்பாங்க. பெருநாள் கழிச்சுப் போறேன்."

"பரவால்லியே, தெரிஞ்சு வெச்சிருக்கீங்க" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையும் இதில் ஒரு காரணம்.

பெருநாள் கழிந்து ஒரு வாரத்துக்குப் பின் போனேன். ஐஸ் பெட்டியோடு பஸ்ஸில் ரெண்டு மணி நேரம். பத்து மணிக்கு இறங்கினேன். பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் பிள்ளைகள் ஓதுகிற கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். ஏழு ஆண்கள், ரெண்டு பெண்கள். நான் ஸ்டவ் பற்றவைத்து ஊசிகளை வேகவைத்தேன். ஆறினதும் குப்பியை எடுத்தேன். அந்த மருந்து பொடியாக வரும். தனியாக வரும் தண்ணீரை விட்டுக் கலக்க வேண்டும். பொடியாக ஐஸில் இருக்கிற வரைக்கும் கெடாது. கலக்கிவிட்டால் சில மணி நேரம்தான். மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும்.

நான் கலக்கிவிட்டேன்.

பள்ளிக்கூடங்களில் அப்படித்தான் செய்வோம். ஊசி தயாராக இருப்பதைப் பார்த்தால்தான் வரிசை நிற்கும். இல்லாவிட்டால் ஆள் ஆளுக்குக் கலைந்துவிடுவார்கள். கை அப்படிப் பழகிவிட்டது.

முதலில் உட்கார்ந்திருந்தவர் காதர் பாய். கடைவீதியில் தையல்கடை வைத்திருந்தார். அறுபது வயது இருக்கும். அவர்தான் கேட்டார்.

"அம்மை ஊசி, காலரா ஊசி எல்லாம் கேள்விப்பட்டிருக்கறமுங்க. இது என்னத்துக்குங்க?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "இது மூச்சுக்காத்துல பரவுற காய்ச்சலுங்க பாய். அங்க எல்லா நாட்டு ஜனமும் ஒரே கூடாரத்துல படுத்து எந்திரிக்கறீங்க. ஒருத்தர் தொண்டையில கிருமி இருக்கும், அவருக்கு ஒண்ணும் பண்ணாது. அவர் இருமுனா பக்கத்துல இருக்கறவருக்கு வந்துரும். காய்ச்சல் அடிக்கும், கழுத்து கட்டை மாதிரி நிக்கும், குனியவே முடியாது. ரெண்டு நாள்ல ஆள் போயிருவாங்க. பொழைச்சாலும் சிலருக்குக் காது போயிரும்."

"குனிய முடியாதுங்களா? அப்ப தொழுவறது எப்படி?" என்றார் காதர் பாய். "அவ்வளவு தூரம் போயி நிமுந்துகிட்டே நின்னுட்டு வர்றதுக்கா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பஞ்சை நனைத்து, "கைய நீட்டுங்க" என்றேன்.

அவர் நீட்டவில்லை. "நோம்புங்க" என்றார்.

"ரம்ஜான் முடிஞ்சிருச்சேங்க."

"இது ஆறு நோம்புங்க. பெருநாள் முடிஞ்ச மாசத்துல ஆறு வெப்போம். எல்லாரும் வெக்க மாட்டாங்க. நாங்க கெளம்பறதுக்கு முன்னாடி முடிச்சரலாமுன்னு ஒன்பது பேரும் புடிச்சிருக்கறோம். இன்னிக்கு நாலாவது."

பள்ளிவாசலில் தொழுகை நடத்துகிற ஹஜ்ரத் அங்கேதான் இருந்தார். ஊசி சாப்பாடு இல்லை, நோன்பு முறியாது, தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம் என்று அவரே சொன்னார். ரெண்டு மூன்று பேர் அரை மனதாக எழுந்தார்கள். அப்போது காதர் பாயின் அக்கா ஜைனபு அம்மா சொன்னார். "ஹஜ்ரத் சொன்னா சரிதாங்க. ஆனா மனசுல ஒரு உறுத்தல் வந்துருச்சுன்னா அது எனக்கு நோம்பு மாதிரியே இருக்காது. பொழுது எறங்குனதும் போட்டுக்கறமே. கம்பவுண்டருக்குச் செரமங்களா?"

எழுந்தவர்களும் உட்கார்ந்துவிட்டார்கள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். மருந்தைக் கலக்கிவிட்டேன், சாயங்காலம் வரை தாங்காது, வேறு குப்பி இல்லை. இவ்வளவுதான். கேட்காமல் கலக்கிவிட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. நோன்பெல்லாம் தெரிந்தவன் என்று டாக்டரம்மாவிடம் பேர் வாங்கிக்கொண்டு வந்தவன் அல்லவா.

"செரமமில்லீங்க" என்றேன்.

அந்தப் பகல் பூராவும் காதர் பாயின் கடையில் உட்கார்ந்திருந்தேன். ஐஸ் பெட்டியைக் காலுக்குக் கீழே வைத்துக்கொண்டேன். வெயில் கடுமை. பெட்டியைத் திறந்து திறந்து பார்த்தேன். ஐஸ் கரைந்துகொண்டிருந்தது.

காதர் பாய் ஹஜ்ஜில் உடுத்துகிற துணியை எடுத்துக் காட்டினார். ரெண்டு வெள்ளைத் துண்டு. "ஊருக்கே தெக்கறவன் நானு. எனக்குப் பாருங்க, தையலே இல்லாத துணி" என்றார். அக்காவைப் பற்றியும் சொன்னார். அவரைத் தூக்கி வளர்த்ததே அந்த அக்காதான். "மாமா இருந்தவரைக்கும் வியாபாரம் வியாபாரம்னே போயிருச்சு. இப்ப மாமாவும் இல்ல, மகனும் கெடயாது. பொம்பளைங்க தனியாப் போவக் கூடாதுங்க, ரத்த சொந்தத்துல ஒரு ஆம்பள வேணும். நான் போனாத்தான் அவங்க போவ முடியும். எனக்குக்கூட அவ்வளவு அவசரமில்லீங்க. அவங்களுக்குத்தான்."

நான் தலையாட்டினேன். காலுக்குக் கீழே பெட்டி இருந்தது.

பொழுது இறங்கியதும் நோன்பு திறந்தார்கள். தொழுகை முடித்துக் கூடத்துக்கு வந்தார்கள். ஜைனபு அம்மா எனக்கும் ஒரு டம்ளர் கஞ்சி கொண்டு வந்து வைத்தார். "பகல் பூரா நீங்களும் ஒண்ணும் தின்னலயாம். காதர் சொன்னான். உங்களுக்கும் ஒரு நோம்பு கணக்குல சேந்துருச்சு போங்க" என்றார்.

கஞ்சியைக் குடித்தேன். அவர்தான் முதலில் உட்கார்ந்தார். புடவையைத் தோளில் சரி பண்ணிக்கொண்டு கையை நீட்டினார். மருந்தை ஊசியில் ஏற்றினேன். தெளிவாகத்தான் இருந்தது. கெட்டுப்போன மருந்து பார்வைக்குத் தெரியாது. நேரம் கடந்த ஊசியால் கை வீங்கிச் சீழ் வைத்ததை நான் பார்த்திருக்கிறேன். ஒன்றும் ஆகாமல் போனதும் உண்டு. ஒன்றும் ஆகாது, பலனும் இருக்காது. அங்கே யாருக்குத் தெரியப் போகிறது? எனக்கு மட்டும் தெரியும்.

"இதப் போட்டுட்டா அந்தக் கழுத்துக் காய்ச்சல் வராதில்லீங்க?" என்று கேட்டார்.

வராது என்று சொல்ல வேண்டும். எழுந்து வாசலுக்குப் போய் ஊசியில் இருந்ததை மண்ணில் தள்ளினேன். குப்பியையும் கவிழ்த்தேன். திரும்பி வந்து நடந்ததைச் சொன்னேன். காலையிலேயே கலக்கிவிட்டேன், இப்போது நேரம் தாண்டிவிட்டது, இது ஆகாது என்றேன்.

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். காதர் பாய் குரல் மேலே வந்தது.

"காலையிலயே சொல்றதுக்கென்னங்க? ஒரு நோம்பு போனா இன்னொரு நாள் வெச்சுக்குவோம். வுட்டுட்டு அப்பவே கைய நீட்டியிருப்போமே! எங்களக் கேக்கவே இல்லையே நீங்க!"

நோன்பை விடுவதா, ஊசியை விடுவதா என்று முடிவு பண்ண வேண்டியவர்கள் அவர்கள். அது அவர்களுக்குத் தெரியாமலேயே பகல் பூராவும் உட்காரவைத்தேன்.

"செரமமில்லீங்கன்னு சொன்னீங்களே" என்றார் ஜைனபு அம்மா. கோபமாகச் சொல்லவில்லை. டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கப்பல் ஏறப் பத்து நாள் முன்பு என்ற கெடுவுக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது.

மறுநாள் டாக்டரம்மாவிடம் சொன்னேன். திட்டுவார் என்று நின்றேன். "எழுதிக் குடுங்க" என்றார். எழுதிக் கொடுத்தேன். என் எழுத்தில் தப்பு நிறைய இருக்கும். திருத்தாமல் வாங்கி வைத்துக்கொண்டார். போன் போட்டார். சேலத்தில் மருந்து இல்லை. மெட்ராஸில் இருந்தது. நானே போய் வாங்கி வருகிறேன் என்றேன். போகச் சொன்னார். புத்தகங்களையும் முத்திரையையும் திருப்பிக் கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. அது அந்தப் பெட்டியைவிடக் கனத்தது.

"காய்ச்சல் இருந்தா போடாதீங்க. சந்தேகம்னா எங்கிட்ட அனுப்புங்க" என்று மட்டும் சொன்னார்.

மெட்ராஸில் ரெண்டு நாள் ஆனது. ஒரு தாளுக்கு இன்னொரு தாள் கேட்டார்கள். வழியில் மூன்று இடத்தில் ஐஸ் வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தேன். பாப்பிரெட்டிப்பட்டியில் இறங்கியபோது ஐந்தாவது நாள் காலை. கடைசி நாள்.

கூடத்தில் எட்டுப் பேர்தான் இருந்தார்கள். குப்பியைத் தொடுவதற்கு முன்னால் ஒவ்வொருவரையும் கேட்டேன். நோன்பு இருக்கிறதா, காய்ச்சல் இருக்கிறதா. ஒரு பெரியவர் சிரித்தார். "ஆறும் முடிஞ்சிருச்சு கம்பவுண்டரே. இட்டிலி தின்னுட்டுத்தான் வந்திருக்கறோம். வேணுமின்னா வாய மோந்து பாருங்க."

"காதர் பாய் எங்கீங்க?"

"வர்றான், வர்றான்" என்றார் ஜைனபு அம்மா. "நீங்க ஆரம்பிங்க."

நான் ஆரம்பித்தேன். அவர் முதலில் போட்டுக்கொண்டார். எட்டுப் பேருக்கும் போட்டு, புத்தகத்தில் எழுதி, முத்திரை குத்தினேன். அதற்குப் பிறகு காதர் பாய் வந்தார். அந்த வெயிலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, ஒருவர் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். கையைத் தொட்டேன். சுட்டது. தெர்மாமீட்டர் வைத்தேன். நூற்றுமூன்று.

"முந்தாநாள்லருந்துங்க" என்றார். "மாத்திரை போட்டிருக்கறேன். கொறஞ்சிரும். நீங்க போடுங்க."

அவரையும் ஜைனபு அம்மாவையும் அழைத்துக்கொண்டு தருமபுரி பஸ் ஏறினேன். கலக்கின மருந்தில் அவருக்கானது பெட்டியில் இருந்தது. ரெண்டு மணி நேரமும் அவர் அக்கா தோளில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு வந்தார். டாக்டரம்மா பார்த்தார். ரத்தம் எடுத்தார். எந்தக் காய்ச்சல் என்று தெரியாமல் இதைப் போட மாட்டேன் என்றார். இந்தக் காய்ச்சலோடு கூட்டத்துக்குப் போவதும் ஆபத்து. ரெண்டு மூன்று நாளில் இறங்கினால் அப்போது போடலாம். ஆனால் தேதி தாண்டிவிடும். தாண்டினால் கப்பலில் ஏற்ற மாட்டார்கள்.

டாக்டரம்மா வேறு நோயாளிகளிடம் போய்விட்டார். வெளியே பெஞ்சில் காதர் பாய் படுத்திருந்தார். ஜைனபு அம்மா என் பக்கத்தில் வந்து நின்றார். என் பையைப் பார்த்தார்.

"அவன் புத்தகத்துல கையெழுத்து இருக்குதில்லீங்க?"

"இருக்குதுங்க."

"இன்னிக்குத் தேதியப் போட்டு முத்திரையக் குத்திருங்க. காய்ச்சல் எறங்குனதும் ஊசி போட்டுக்கட்டும். ரெண்டு நாள் முன்னப் பின்ன. அல்லா மன்னிப்பான்."

"முடியாதுங்கம்மா."

"எத்தனையோ பேரு ஊசியே போடாம முத்திரைய மட்டும் வாங்கிட்டுப் போறான். ரெண்டே நாளுங்க."

"மருந்து வேல செய்யறதுக்கு முன்னாடி அவரு அந்தக் கூட்டத்துல போய் நின்னா, முத்திரை அவரக் காப்பாத்தாதுங்கம்மா. அவருக்கு வந்தா பக்கத்துல படுக்கறவங்களுக்கும் வரும்."

"கப்பல்ல எத்தன நாளு ஆவுது. அதையெல்லாம் கணக்குல எடுக்க மாட்டீங்களா?"

எடுத்தால் சரியாகத்தான் வரும் என்று எனக்கும் தோன்றியது. அதுதான் கஷ்டம். ஒரு கணக்கில் சரியாக வருகிற பொய். ஆனால் ஏறுகிற நாள் என்று தாளில் எழுதியவர்கள் கப்பலுக்குள் இருக்கிற நெரிசலையும் யோசித்துத்தான் எழுதியிருப்பார்கள். அதோடு காய்ச்சல் எந்த நாளில் இறங்கும் என்று யாருக்குத் தெரியும்? இறங்காவிட்டால், ஊசியே போடாத ஆள் கையில் என் முத்திரை இருக்கும்.

"முடியாதுங்கம்மா" என்றேன் மறுபடியும்.

"உங்க தப்புக்குத்தானே நாங்க இங்க வந்து நிக்கறோம்" என்றார். "அன்னிக்கே போட்டிருந்தா அவனுக்கு அன்னிக்கு ஒடம்பு நல்லாத்தானே இருந்துச்சு. இப்ப மட்டும் சட்டம் பேசறீங்களே. எத்தன தடவ நாங்களே பொறுக்கறது?"

பையின் வாரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே கை போயிருந்தால் குத்தியிருப்பேன். அதனால்தான் வாரைப் பிடித்துக்கொண்டேன்.

பெஞ்சிலிருந்து காதர் பாய் குரல் வந்தது. கண்ணைத் திறக்கவில்லை.

"வுடுக்கா. அவரு குத்த மாட்டாரு. அன்னிக்குத் தண்ணிய ஊத்துன மாதிரி மருந்த மண்ணுல கொட்டுனவரு. இன்னிக்கு வந்து பொய்ய எழுதுவாரா? வூட்டுக்குப் போலாம்."

அது பாராட்டா, திட்டா என்று எனக்குத் தெரியவில்லை. ரெண்டும் இருந்தது என்று நினைக்கிறேன்.

குப்பியில் மிஞ்சியதை டாக்டரம்மா அறைக்குப் பின்னால் கொட்டினேன். ரெண்டாவது தடவை.

கிளம்புகிற நாளன்று நான் பொம்மிடி ஸ்டேஷனுக்குப் போனேன். யாரும் கூப்பிடவில்லை. ஏழு பேர் ரயில் ஏறினார்கள். வழியனுப்ப வந்த கூட்டத்தில் அக்காவும் தம்பியும் நின்றார்கள். காதர் பாய்க்குக் காய்ச்சல் போய்விட்டிருந்தது. மெலிந்திருந்தார். போகிறவர்கள் ஒவ்வொருவரையும் கட்டிப்பிடித்து, எனக்காகவும் அங்கே கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஜைனபு அம்மா பெட்டிகளை ஒழுங்காக வைத்தார்களா என்று ஜன்னல் ஜன்னலாகப் பார்த்துக்கொண்டு போனார். அவர் பேரில் முத்திரை குத்திய புத்தகம் வீட்டில் இருந்தது.

முத்திரை குத்தாதது சரிதான். அதில் எனக்குக் குழப்பம் இல்லை. ஆனால் நிறையப் பேர் இப்படிக் கதை சொல்லும்போது, கடைசியில் நியாயமாக நடந்துகொண்டேன் என்று முடித்துக்கொள்வார்கள். அப்படி முடியாது. காலையில் மருந்தைக் கலக்கும் முன் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஒன்பது பேரும் ரயிலில் இருந்திருப்பார்கள். கேட்காமல் கலக்கிய பிறகாவது உடனே சொல்லியிருந்தாலும் இருந்திருப்பார்கள். தப்பு நடந்தால் அது எவ்வளவு நேரம் உங்களிடம் மட்டும் இருக்கிறது என்று பாருங்கள். என்னிடம் எட்டு மணி நேரம் இருந்தது. மருந்து கெட்டது அந்த நேரத்தில்தான்.

அந்த வருஷ மழையில் ஜைனபு அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. அடுத்த வருஷம் காதர் பாய் மட்டும் ஹஜ்ஜுக்குக் கிளம்பினார். போகச் சொல்லி அவரைத் தள்ளிவிட்டதே அக்காதான் என்று சொன்னார்கள். ஊசி போட அவர் வீட்டுக்கே போனேன். கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டுவிட்டுத்தான் மருந்தைக் கலக்கினேன். அவர் கையை நீட்டினார். பழைய பேச்சு எதுவும் எடுக்கவில்லை. போட்டேன். முத்திரை குத்தினேன்.

கட்டிலில் படுத்திருந்த ஜைனபு அம்மா என்னைக் கூப்பிட்டார்.

"போன வருசம் எனக்குப் போட்டது இன்னும் ஒடம்புல இருக்குங்களா, கம்பவுண்டரே?"

"இருக்குங்கம்மா. மூணு வருசம் வரைக்கும் இருக்குமுன்னு சொல்றாங்க."

அவர் விரலை மடக்கிப் பார்த்தார்.

"அப்ப இன்னும் ரெண்டு வருசம் இருக்குது" என்றார்.

ஆமாம் என்றேன். பெட்டியை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு வந்தேன். மூணாவது வருஷமும் அந்த ஊருக்கு ஹஜ் ஊசி போட நான்தான் போனேன். அந்தப் பட்டியலில் அவர் பேர் வரவில்லை. அதற்கு அடுத்த வருஷம் அவரே இல்லை.